லெந்து நாட்களுக்கு வாங்கிய கீபேட் போன்: உபயோகித்துப் பார்த்த பிறகு என் கருத்து

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நல்ல பொருள், கொடுத்த காசுக்கு மோசமில்லை, லெந்து, அதாவது ஈஸ்டருக்கு முந்தின உபவாச காலம், முடிந்து ஈஸ்டர் கடந்த பிறகும் என் கைப்பையில் இதுதான் இருக்கிறது. ஆனால் வீட்டில் இருப்பவர்களிடம் கலந்து பேசாமல் வாங்கிவிடாதீர்கள். நீங்கள் இறக்கி வைக்கிற பாரம் அப்படியே அவர்கள் தலையில் ஏறிவிடும், அதற்கு எளிமை என்று பெயர் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

இது ஒரு 4ஜி கீபேட் போன். பிராண்ட் பெயரைப் போடவில்லை, ஏனென்றால் இரண்டாயிரம் ரூபாய்ச் சுற்றில் கடையில் கிடைக்கிற எல்லாமே கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான்: சின்னத் திரை, டார்ச், எஃப்எம், கழற்றி மாட்டுகிற பேட்டரி, இரண்டு சிம். இணையத்தில் இதைப் பற்றித் தேடினால் வயதானவர்களுக்கு வாங்கித் தரலாமா என்றுதான் எழுதியிருக்கிறார்கள். நான் கேட்கிற கேள்வி வேறு. பள்ளிக்கூட வேலை, இரண்டு பிள்ளைகள், அத்தைக்கு மருந்து மாத்திரை, ஞாயிறு பள்ளி, ஆலயப் பாடகர் குழு என்று ஓடிக்கொண்டே இருக்கிற ஒருவர், எளிமையை உபவாசம் மாதிரி, ஜெபம் மாதிரி ஒரு ஆவிக்குரிய பயிற்சியாகக் கைக்கொள்ள விரும்பினால் இந்தப் பொருள் அவருக்குக் கைகொடுக்குமா?

எங்கள் பாளையங்கோட்டைப் பக்கம் லெந்து என்றால் பலருக்கும் ஒரே பழக்கம்தான். சாம்பல் புதன் தொடங்கிப் பெரிய வெள்ளி வரை கறி மீன் கிடையாது, கல்யாணம் காட்சி வைப்பதில்லை, வாரநாளில் சாயங்கால ஆராதனை. சாம்பல் புதனிலிருந்து ஈஸ்டருக்கு முந்தின நாள் வரை எண்ணினால் 46 நாள் வரும், அதில் ஆறு ஞாயிறைக் கழித்துத்தான் நாற்பது என்கிறோம், ஏனென்றால் ஞாயிறு உயிர்த்தெழுதலின் நாள், அன்று உபவாசம் இல்லை. கறியை விடுவது எனக்குக் கஷ்டமே இல்லை. சாம்பாரும் கூட்டும் இருந்தால் எனக்குப் போதும், அதை விட்டுவிட்டேன் என்று ஆண்டவரிடம் சொல்ல எனக்கே ஒரு மாதிரி இருந்தது. என்னைப் பிடித்து வைத்திருந்தது போன். காலையில் கண் விழித்ததும் கை அதைத்தான் தேடும், ராத்திரி கடைசியாகப் பார்ப்பதும் அதுதான், நடுவில் எவ்வளவு நேரம் போகிறது என்று கேட்டால் பதில் சொல்ல முடியாது. சரி, விடுவதாக இருந்தால் இதை விடுவோம் என்று முடிவு செய்தேன்.

எளிமை என்றதும் நம் ஆட்கள் உடனே சேலை, நகை, பெரிய வீடு என்றுதான் யோசிப்பார்கள். அதுவும் உண்டுதான். ஆனால் இயேசு பொக்கிஷத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே வரும்போது நடுவில் கண்ணைப் பற்றிச் சொல்கிறார்: "உன் கண் தெளிவாயிருந்தால், உன் சரீரம் முழுவதும் வெளிச்சமாயிருக்கும்." அதற்கு முன்னால் பூச்சியும் துருவும் கெடுக்கிற பொக்கிஷம், அதற்குப் பின்னால் இரண்டு எஜமான்களுக்கு ஊழியம் செய்ய முடியாது என்ற வார்த்தை. மத்தேயு ஆறாம் அதிகாரத்தை ஒரே மூச்சில் வாசித்துப் பாருங்கள், பணமும் கவனமும் அங்கே ஒன்றாகத்தான் பேசப்படுகின்றன. எதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறோமோ அதற்குத்தான் மனதைக் கொடுக்கிறோம். என் பார்வை ஒரு நாளில் எத்தனை துண்டாக உடைகிறது என்று எனக்குத் தெரியும். தம்மை வீட்டுக்கு அழைத்து உபசரித்த மார்த்தாளிடம் ஆண்டவர் "நீ அநேக காரியங்களைக்குறித்துக் கவலைப்பட்டுக் கலங்குகிறாய்" என்று சொன்னாரே, அவள் செய்துகொண்டிருந்ததும் நல்ல வேலைதான். சமையல், விருந்தோம்பல். என் போனில் இருந்தவையும் முக்கால்வாசி நல்ல காரியங்கள்தான், அதில் ஜெபக் குழுவே நாலைந்து இருந்தது.

இனி வாங்குவதைப் பற்றி. 2ஜி போன் இன்னும் மலிவாகக் கிடைக்கிறது, ஆனால் வாங்குவதற்கு முன் உங்கள் சிம்மைப் பாருங்கள். ஜியோவுக்கு 2ஜி கிடையாது, அவர்களுடைய சிம்மைப் பழைய வகை கீபேட் போனில் போட்டால் வேலை செய்யாது, 4ஜி கீபேட் போன்தான் வேண்டும். ரீசார்ஜ் விஷயத்தில் இப்போது ஒரு நல்லது நடந்திருக்கிறது. 2024 டிசம்பரில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் ஒரு உத்தரவு போட்டு, டேட்டா வேண்டாம், பேச்சும் எஸ்எம்எஸ்ஸும் மட்டும் போதும் என்பவர்களுக்குத் தனி ரீசார்ஜ் தர வேண்டும் என்று சொன்னது, 2025 ஜனவரியிலிருந்து அவை கிடைக்கின்றன. கடைக்காரர் தானாக முன்வந்து சொல்வார் என்று எதிர்பார்க்காமல் நீங்களே கேளுங்கள். கீபேட் போனை வாங்கிவிட்டு தினம் ஒன்றரை ஜிபி டேட்டாவுக்கும் சேர்த்துக் காசு கட்டிக்கொண்டிருந்தால் என்ன பயன்?

பெயர்களை மாற்றுவது பெரிய வேலை. சிம்மில் பொதுவாக 250 பெயர்தான் நிற்கும். என் பழைய போனிலோ ஏகப்பட்டது கிடந்தது: கேஸ் ஏஜென்சி, எப்போதோ வந்த பெயிண்டர், பழைய மாணவர்களின் பெற்றோர், யாரென்றே தெரியாத "அக்கா புதுசு". ப்ளூடூத்தில் மொத்தமாக அனுப்பி போன் மெமரியில் வைத்துக்கொள்ளவும் வழி இருக்கிறது, ஆனால் நான் வேண்டுமென்றே அதைச் செய்யவில்லை. ஒரு நோட்டை எடுத்து, ஒவ்வொரு பெயராகப் பார்த்து, இவரிடம் நான் உண்மையிலேயே பேசுவேனா என்று யோசித்து எழுதினேன். இந்த விமர்சனத்தில் யாராவது ஒரு காரியத்தைப் பின்பற்றுவதாக இருந்தால் இதைச் செய்யுங்கள் என்பேன். எழுதிக்கொண்டு போகும்போதே பலருக்காக ஜெபம் வந்தது. பெரியம்மா மகள், சென்னையில் இருக்கிறவள், அவள் வீட்டுக்காரர் வேலை போய் இருக்கிறார் என்று தெரிந்தும் நான் பேசவே இல்லை. அவள் போடுகிற ஸ்டேட்டஸையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்ததால் தொடர்பில் இருப்பதாக ஒரு நினைப்பு எனக்குள் இருந்திருக்கிறது. அந்த நோட்டு இப்போது என் வேதப் புத்தகத்துக்குள் இருக்கிறது, காலை ஜெபத்துக்கு ஒரு பக்கம் என்று திருப்புகிறேன்.

எஸ்எம்எஸ் அடிப்பது மெதுவான காரியம்தான், மறைக்கப் போவதில்லை. ஒரு எழுத்துக்கு ஒரே பொத்தானை மூன்று நான்கு தடவை அழுத்த வேண்டும், மெய்யெழுத்துக்குப் புள்ளி தனி. அதோடு ஆங்கிலத்தில் ஒரு எஸ்எம்எஸ்ஸுக்கு 160 எழுத்து என்றால் தமிழில் 70தான், அந்த 70-இல் புள்ளியும் கொம்பும் காலும் தனித்தனியாக எண்ணப்படும். "ஸ்தோத்திரம்" என்று ஒரு வார்த்தை அடித்தாலே 11 போய்விடும். இதனால் என்ன ஆனது தெரியுமா, நான் சுற்றிவளைப்பதை நிறுத்திவிட்டேன். முன்பெல்லாம் ஒருவர் ஒரு பொறுப்பைக் கொடுத்தால் "பார்க்கிறேன் அக்கா, முயற்சி பண்றேன், ஆண்டவர் சித்தமானால்" என்று நீளமாக ஒரு பதில், அதற்கு மேல் இரண்டு கைகூப்பும் படம். அவர்கள் வருவாளா மாட்டாளா என்று தெரியாமல் காத்திருப்பார்கள். இப்போது "வருகிறேன்" அல்லது "இந்த வாரம் முடியாது", அவ்வளவுதான். "உள்ளதை உள்ளதென்றும், இல்லதை இல்லதென்றும் சொல்லுங்கள்" என்ற வசனத்தைச் சின்ன வயதில் மனப்பாடம் செய்தது. அதன்படி நடக்க ஆரம்பித்தபோது முதலில் இரண்டொருவருக்கு வருத்தம்தான், அப்புறம் அவர்களுக்கே அது வசதியாகிவிட்டது.

ஜெப விண்ணப்பங்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எனக்கு இதில்தான் அதிகப் பலன் கிடைத்தது. வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் "அம்மாவுக்கு ஆபரேஷன், ஜெபித்துக்கொள்ளுங்கள்" என்று போடுவார். கீழே வரிசையாக ஆமென், ஆமென், ஆமென். நானும் ஒரு ஆமென் போட்டுவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விடுவேன், ஜெபித்தேனா என்றால் பல தடவை இல்லை. கீபேட் போனுக்கு மாறிய பிறகு குழுச் செய்தி வராது, ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் காதில் விழுவதுதான். எங்கள் சபையில் ஒரு ஆச்சி இருக்கிறார்கள், தனியாக இருக்கிறவர்கள், மூட்டு வலியால் ஆலயத்துக்கு வருவது குறைந்துவிட்டது. ஐயரம்மா, அதாவது எங்கள் போதகரின் மனைவி, சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு பஸ் ஸ்டாப்பில் நிற்கிற நேரத்தில் ஆச்சிக்குப் போன் போட்டேன். எடுத்ததும் "யாரு, எதுக்கு" என்று ஒரு பதற்றம், யாராவது போன் போட்டாலே கெட்ட செய்தி என்று ஆகிவிட்டதல்லவா. "சும்மாதான் ஆச்சி, எப்படி இருக்கீங்க" என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் மடமடவென்று பேச ஆரம்பித்தார்கள்: முட்டிக்கு என்ன தைலம், மகன் எப்போது வருவான், பக்கத்து வீட்டு முருங்கை எங்கே சாய்ந்தது. பஸ் வந்துவிட்டது, நான் ஏறி உட்கார்ந்தும் பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. கடைசியில் நான் ஜெபிக்கட்டுமா என்று கேட்க நினைத்திருந்தேன், அதற்குள் ஆச்சியே "நான் உனக்கு ஜெபம் பண்றேன், கண்ணை மூடு" என்று சொல்லி போனிலேயே ஜெபித்தார்கள். பஸ்ஸில் கூட்டம், கண்டக்டர் சத்தம், நான் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இந்தப் போனின் ஸ்பீக்கர் நன்றாகச் சத்தமாக இருக்கிறது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், இரைச்சலில்கூட ஒரு வார்த்தை விடாமல் கேட்டது.

காலை நேரம் மாறிவிட்டது. அலாரம் இதிலேயே இருக்கிறது, அடித்தால் அணைத்துவிட்டு எழுந்திருக்க வேண்டியதுதான், பார்ப்பதற்கு அதில் வேறொன்றும் இல்லை. வேதப் புத்தகத்தைத் தாளில் வாசிக்கிறேன். போனில் வேதாகமம் வாசிப்பது தப்பென்று சொல்ல மாட்டேன், கண் சரியாகத் தெரியாத என் அத்தை எழுத்தைப் பெரிதாக்கி அதில்தான் வாசிக்கிறார்கள், கேட்பொலியாகவும் போட்டுக் கேட்கிறார்கள். எனக்கு மட்டும் அது ஒத்துவரவில்லை. சங்கீதம் வாசித்துக்கொண்டிருக்கும்போதே மேலே ஒரு செய்தி வந்து எட்டிப் பார்க்கும், "நீங்கள் அமர்ந்திருந்து" என்ற இடத்திலேயே கை அங்கே போகும்.

பேட்டரி வாரத்துக்கு இரண்டு தடவை சார்ஜ் போட்டால் போதும். கேமரா இருக்கிறது என்று பெயர், அதை நம்பாதீர்கள். பிள்ளைகளின் ஆண்டு விழாவுக்குப் படம் எடுக்க முடியவில்லையே என்று மனசு அடித்துக்கொண்டது உண்மை. ஆனால் மகள் மேடையில் பாடியதை முழுதாகப் பார்த்தேன்.

பணம் பற்றி. சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு 2021 மே மாதத்திலிருந்து கட்டணம் இல்லை, அதனால் எனக்குத் தினசரிச் செலவு என்பது காய்கறி, பால், பூ, பிள்ளைகளுக்குத் தின்பண்டம் அவ்வளவுதான். இதற்குக் கையில் ரொக்கம் வைத்துக்கொள்ளப் பழகினேன். சில்லறை இல்லை என்ற பேச்சு தினமும் கேட்க வேண்டியிருக்கும், அதற்குத் தயாராக இருங்கள். கீபேட் போனிலும் யுபிஐ உண்டு என்பது நிறையப் பேருக்குத் தெரியாது. 2022 மார்ச்சில் ரிசர்வ் வங்கி தொடங்கி வைத்த யுபிஐ 123பே, ஒரு எண்ணுக்குப் போன் போட்டு, மொழியைத் தேர்ந்தெடுத்து, தொகையையும் பின் நம்பரையும் பொத்தானில் அழுத்தினால் பணம் போய்விடும், இணையமே வேண்டாம். முன்பு ஒரு தடவைக்கு 5,000 ரூபாய்தான் வரம்பு, பிறகு அதை 10,000 ஆக்கிவிட்டார்கள். வங்கியில் பதிவு செய்த எண் உள்ள சிம் இந்தப் போனில் இருக்க வேண்டும், ஓடிபியும் அதில்தான் வரும், ஆகவே எந்த சிம்மை இதில் போடுவது என்பதை யோசித்துச் செய்யுங்கள். இது வீட்டில் நிதானமாக உட்கார்ந்து செய்வதற்கு ஏற்றது. கடையில் பின்னால் நாலு பேர் நிற்கும்போது செய்வதற்கு ஏற்றதல்ல, அங்கே ரொக்கம்தான் சரி.

ரொக்கத்துக்கு மாறியதில் செலவு குறைந்தது. ராத்திரி பத்து மணிக்குப் படுக்கையில் கிடந்தபடி குர்தி, டப்பா செட், பிள்ளைகளுக்கு இன்னொரு பென்சில் பாக்ஸ் என்று ஆர்டர் போடுவது நின்றுவிட்டதுதான் பெரிய காரணம். மிச்சமானதை என்ன செய்தேன் என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதைச் சொல்லாவிட்டால் இது வெறும் சிக்கனம். மெதடிஸ்ட் சபை இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி ஆக்ஸ்போர்டில் இருந்தபோது வருஷம் 30 பவுண்டு வருமானத்தில் 28 பவுண்டில் வாழ்ந்து மீதி இரண்டைக் கொடுத்தார், அடுத்த வருஷம் வருமானம் 60 ஆனபோதும் அதே 28-இல் வாழ்ந்து 32-ஐக் கொடுத்தார், 90 ஆனபோதும் 120 ஆனபோதும் செலவு அதே 28தான். எனக்கு அந்த அளவுக்குத் தைரியம் இன்னும் வரவில்லை, ஆனால் அந்த முறை பிடித்திருக்கிறது: வாழ்கிற அளவை ஓரிடத்தில் நிறுத்திக்கொண்டு கூடுகிறதைக் கொடுப்பது. ஏசாயா 58-ஆம் அதிகாரமும் அதைத்தானே சொல்கிறது, கர்த்தருக்குப் பிரியமான உபவாசம் பசியுள்ளவனோடு ஆகாரத்தைப் பகிர்வதில் இருக்கிறது. மிச்சமானது முழுவதும் லெந்து காணிக்கைக் கவரில் போயிற்று. கவர் கனமாவதைக் கையில் பிடித்துப் பார்க்கும்போது பிள்ளைகளுக்கும் அது என்னவென்று புரிந்தது.

இப்போது முதலில் சொன்ன சிக்கலுக்கு வருகிறேன். கீபேட் போன் வைத்திருப்பவருக்கு வாழ்க்கை இலகுவாகிறது. சரி, அவர் செய்துகொண்டிருந்த வேலையெல்லாம் எங்கே போகிறது? இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை வருகிற கரண்ட் பில், கேஸ் புக்கிங், பிள்ளைகளின் பள்ளிக் குழுவில் வருகிற ப்ராஜெக்ட் வேலை, அத்தையின் மருந்து ஆர்டர், எல்லாம் மெதுவாக என் வீட்டுக்காரர் போனுக்கு நகர்ந்தது. பள்ளியில் ஆசிரியர் குழுவில் வருகிற அறிவிப்பை என்னோடு வேலை பார்க்கிற ஒரு டீச்சர் தினமும் போன் போட்டுச் சொன்னார்கள், மனசார உதவி செய்கிறவர்கள், ஆனால் அவர்களுக்கும் சின்னக் குழந்தை இருக்கிறது. "ஒருவர் பாரத்தை ஒருவர் சுமந்து" என்பது வேதம். என் பாரத்தை இன்னொருவர் மேல் வைத்துவிட்டு நான் அமைதியாக ஜெபத்தில் உட்கார்ந்திருப்பது அந்த வசனத்துக்கு நேர் எதிர். எளிமையாக வாழ்கிறார் என்று நாம் புகழ்கிற பல பேருக்குப் பின்னால் அவர்கள் வீட்டுப் பெண்கள் எல்லா வேலையையும் செய்துகொண்டிருப்பார்கள், அதை நாம் கவனிப்பதில்லை. இந்தப் போனை ஒரு ஆண் வாங்கி, மனைவி இரண்டு பேருடைய வேலையையும் ஸ்மார்ட்போனில் இழுத்துக்கொண்டிருந்தால் அந்த வீட்டில் யார் உபவாசிக்கிறார், யார் பசியோடு இருக்கிறார் என்று யோசிக்க வேண்டும்.

இதற்கு எனக்கு வழி காட்டியது ஆமிஷ் மக்களின் ஒரு பழக்கம். அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தில் லான்காஸ்டர் பக்கம் இருக்கிற கிறிஸ்தவர்கள், காரோ மின்சார இணைப்போ வைத்துக்கொள்ளாதவர்கள் என்று நாம் கேள்விப்பட்டிருப்போம். அவர்கள் போனை அறவே ஒதுக்கிவிடவில்லை. வீட்டுக்குள் வேண்டாம் என்று முடிவு செய்து, பாதை ஓரத்தில் சின்ன மரக் கொட்டகை மாதிரி ஒன்று கட்டி, அதற்குள் போனை வைத்து, அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் சேர்ந்து உபயோகிக்கிறார்கள். டாக்டரைக் கூப்பிடலாம், வியாபாரம் பேசலாம், ஆனால் சாப்பாட்டு நேரத்தில் மணி அடிக்காது. ஒரு புதுப் பொருள் வந்தால் அது நம் குடும்பத்தையும் சபையையும் சேர்க்குமா பிரிக்குமா என்று எல்லோரும் சேர்ந்து பேசி முடிவெடுக்கிறார்கள், தனி ஆள் விருப்பத்துக்கு விடுவதில்லை. இது எனக்குப் பெரிய வெளிச்சமாக இருந்தது.

ஆகவே வீட்டில் உட்கார்ந்து பேசினோம். என் ஸ்மார்ட்போன் இப்போது வீட்டுப் போன். ஹாலில் டிவி பக்கத்தில், பழைய லேண்ட்லைன் இருந்த இடத்தில், சார்ஜரில் மாட்டியே இருக்கும், படுக்கை அறைக்கும் சாப்பிடுகிற இடத்துக்கும் போகாது. அதில் இன்னொரு சிம், வாட்ஸ்அப் எல்லாம் அந்த எண்ணுக்கு மாற்றியாகிவிட்டது. சனிக்கிழமை சாயங்காலம் நான் உட்கார்ந்து பில், மருந்து, பள்ளிக் குழு எல்லாவற்றையும் பார்த்து முடித்துவிடுகிறேன், வீட்டுக்காரர் தலையில் விடுவதில்லை. வாரநாளில் அவசரமாக ஏதாவது வந்தால் பெரியவன் பார்த்துச் சொல்வான். பள்ளியில் நேரடியாகப் போய், சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் போடுகிற அறிவிப்பை நான் மறுநாள் காலையில்தான் பார்ப்பேன், அவசரம் என்றால் போன் போடுங்கள் என்று சொல்லிவிட்டேன். பயந்தபடி ஒன்றும் ஆகவில்லை, இன்னும் இரண்டு டீச்சர் அதையே சொல்லியிருக்கிறார்கள்.

இந்த ஊர்ப் பக்கம் எளிமை எப்போதுமே கூட்டாகச் செய்த காரியமாகத்தான் இருந்திருக்கிறது. டோனாவூரில் 1901-லிருந்து மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மாள் செய்த ஊழியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அவரோடு கிராமம் கிராமமாகப் போன பெண்களில் பொன்னம்மாள் என்பவர் தம் நகைகளைக் கழற்றிக் கொடுத்தார், ஒரு பெண் நகை இல்லாமல் வெளியே வருவது அந்தக் காலத்தில் குடும்பத்துக்கே அவமானமாக எண்ணப்பட்ட விஷயம். அவர் ஒருத்தியாக நின்றிருந்தால் அந்தப் பேச்சைத் தாங்கியிருக்க முடியுமா என்று தெரியவில்லை, கூட மற்றப் பெண்களும் கழற்றினார்கள். பணத்துக்காக மனிதரிடம் கேட்பதில்லை என்பதும் அங்கே எல்லோரும் சேர்ந்து கடைப்பிடித்த ஒழுங்கு. 1951-இல் ஏமி அம்மாள் இறந்தபோது, அவர் கேட்டுக்கொண்டபடியே கல்லறைக்கல் வைக்கவில்லை. நம் சபைகளில் இன்று லெந்துக்கு எதை விடுகிறோம் என்பதை ஒவ்வொருவரும் தனியாக, ரகசியமாக வைத்துக்கொள்கிறோம். பரிசேயர் மாதிரி காட்டிக்கொள்ளக் கூடாது என்பது சரிதான், ஆனால் சபையின் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் பத்துப் பேர் சேர்ந்து ராத்திரி எட்டு மணிக்கு மேல் குழுவில் எதுவும் போடுவதில்லை என்று முடிவெடுத்தால் ஒருத்தி கீபேட் போன் வாங்குவதைவிட அது பெரிய காரியம். அதற்குக் காசும் ஆகாது.

யாருக்கு இது வேண்டாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். டெலிவரி வேலை, ஆட்டோ, டாக்ஸி, வீட்டிலிருந்து கேக்கும் துணியும் விற்கிற பெண்கள், இவர்களுக்கெல்லாம் ஸ்மார்ட்போன்தான் கடை. அவர்கள் அதை வைத்திருப்பதற்காகக் குற்ற உணர்ச்சி கொள்ள ஒன்றுமே இல்லை. வெளியூருக்கு அடிக்கடி தனியாகப் போகிற பெண்களுக்கு மேப்பும் இருப்பிடம் பகிர்வதும் ஒரு பாதுகாப்பு, அதை விடச் சொல்ல மாட்டேன். நானே திருச்சிக்குப் போனபோது வீட்டுப் போனை எடுத்துக்கொண்டுதான் போனேன். உடம்பு முடியாதவர்களை வீட்டில் வைத்திருப்பவர்களும் யோசித்துச் செய்யுங்கள். கல்லூரிப் பிள்ளைகளுக்குப் பெற்றோர் இதைத் தண்டனையாக வாங்கிக் கொடுத்தால் வெறுப்புத்தான் வரும், கொடுப்பதாக இருந்தால் முதலில் நீங்கள் ஒரு லெந்து வைத்துப் பாருங்கள்.

மதிப்பெண் கேட்டால் 5-க்கு 4 கொடுப்பேன். ஒன்றைக் குறைத்தது தமிழ் தட்டச்சுக்காக. அதைக் கொஞ்சம் அக்கறையோடு செய்திருக்கலாம், சில எழுத்துகள் எந்தப் பொத்தானில் இருக்கின்றன என்று தேடவே நேரம் போகிறது.

கடைக்குப் போனால் பெட்டியைப் பார்த்து வாங்காதீர்கள், போனைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். தமிழில் ஒரு எஸ்எம்எஸ் வந்தால் எழுத்து உடையாமல் தெரிகிறதா என்று பாருங்கள். சிம் போட்டு ஒருவருக்குப் பேசிப் பாருங்கள், பொத்தான்கள் அழுத்தமாக இருக்கின்றனவா, பேட்டரி தனியாக வாங்கக் கிடைக்குமா என்று கேளுங்கள். முக்கியமாக, இப்போது வருகிற சில 4ஜி கீபேட் போன்களில் யூடியூப் ஷார்ட்ஸ்கூடப் பார்க்கலாம், விலையும் கொஞ்சம் கூட. கடைக்காரர் "இதுல வீடியோவும் வரும்க்கா" என்று ஆசையாக எடுத்துக் காட்டுவார். அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, வீடியோ வராத மாடலைக் கேளுங்கள்.